மூணு நாடு வெளிய போயிட்டா எக்கோவாஸ் முடிஞ்சு போச்சா? லோமேல இருந்து வந்த கேள்விக்கு பதில்

டோகோ நாட்டுத் தலைநகர் லோமேல ஒரு டிரேடிங் கம்பெனில வேலை பாக்குற தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார். இந்தியாவுல இருந்து வர்ற அரிசி, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் லோமே துறைமுகத்துல இறக்கி லாரில புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் அனுப்புறது அவங்க பிசினஸ். அவரோட கேள்வியை சுருக்கி தரேன்: "மாலி, புர்கினா, நைஜர் மூணும் ராணுவக் கூட்டணி போட்டுட்டு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட பொருளாதார அமைப்பான எக்கோவாஸை விட்டு வெளிய போயிட்டாங்க. இங்க மார்க்கெட்ல ஒருத்தர் ஒன்னும் ஆகாதுங்கறார், இன்னொருத்தர் எல்லாம் போச்சுங்கறார். நம்ம சார்க் மாதிரி இதுவும் பேருக்கு இருக்குற அமைப்பா ஆயிடுமா? ராணுவக் கூட்டணின்னு ஒன்னு வந்தா வர்த்தக அமைப்பு உடைஞ்சுதான் ஆகணுமா? எங்க முதலாளி புர்கினா தலைநகர் வாகடூகுல பெரிய குடோன் எடுத்து ரெண்டு வருஷத்துக்கு என்னை அங்க போடணும்னு நினைக்கிறார், நான் சரின்னு சொல்லலாமா?"

வணக்கம் சார்.

உங்க கடைசி கேள்விக்கு பதில் மொத ரெண்டு கேள்விலதான் இருக்கு, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. அவசரத்துக்கு சுருக்கமா வேணும்னா இதான்: சரக்கு போறது நிக்காது, ஆனா இதுவரைக்கும் ஒப்பந்தப்படி உரிமையா இருந்த பல விஷயம் இப்ப அந்தந்த அரசு மனசு வச்சு குடுக்குற சலுகையா மாறிடுச்சு. உரிமைன்னா கோர்ட்டுக்குப் போகலாம், சலுகைன்னா காத்திருக்கத்தான் முடியும். டிரான்சிட் சரக்கு, பிராந்திய வர்த்தக ஒப்பந்தம் இதுலயே ஆலோசனை சொல்லிட்டு இருக்குற ஆளா சொல்றேன், உங்க முதலாளி குடோன் கணக்கு போடும்போது வாடகையை விட இதைத்தான் மொதல்ல பாக்கணும்.

எக்கோவாஸ் 1975 மே 28ஆம் தேதி லாகோஸ்ல 15 நாடு கையெழுத்து போட்டு ஆரம்பிச்சது. வியாபாரம், போக்குவரத்து, சுங்கம் இதுக்காகத்தான் ஆரம்பிச்சாங்க. 1979ல நடமாட்ட ஒப்பந்தம் வந்துச்சு, உறுப்பு நாட்டுக்காரங்க யாரா இருந்தாலும் விசா இல்லாம இன்னொரு உறுப்பு நாட்டுல 90 நாள் இருக்கலாம்னு, அப்புறம் தங்கறதுக்கும் தொழில் பண்றதுக்கும் படிப்படியா உரிமை சேத்தாங்க. நைஜர்ல இருந்து வெங்காய லாரியோட கானா வரைக்கும் வர்றவருக்கும், வாகடூகுல இருந்து ஐவரி கோஸ்ட்டோட அபிஜான் நகரத்துக்குப் போய் வேலை தேடுற பையனுக்கும் இது காகித ஒப்பந்தம் இல்ல சார், சோறு. ஆப்பிரிக்காவுல இருக்குற பிராந்திய அமைப்புகள்ல சாதாரண ஜனங்க கையில பலன் தெரியுற மாதிரி நடந்த அமைப்பு எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனா இந்த அமைப்பு வெறும் வியாபாரத்தோட நிக்கல. 1990ல லைபீரியா உள்நாட்டுப் போர்ல தலையிட எக்கோமாக்னு ஒரு படையே அனுப்பினாங்க. 2001ல ஒரு நெறிமுறை போட்டாங்க, துப்பாக்கி முனைல ஆட்சிக்கு வர்றவங்களை ஏத்துக்க மாட்டோம்னு. 2017 ஜனவரில காம்பியாவுல தேர்தல்ல தோத்தும் பதவியை விடாம உக்காந்திருந்த யாஹ்யா ஜாமே, எக்கோவாஸ் படை எல்லை தாண்டி உள்ள வந்ததும் ரெண்டு மூணு நாள்ல நாட்டை விட்டே போயிட்டார். அது நல்ல காரியம்தான், நானும் அப்ப சந்தோஷப்பட்டேன். அதனால ராணுவம்ங்கறது ஏதோ வெளியில இருந்து வந்து ஒரு வர்த்தக அமைப்பைக் கெடுத்துடுச்சுன்னு நினைக்காதீங்க, இந்த அமைப்புக்குள்ளயே ரொம்ப வருஷமா ஒரு படை இருந்துச்சு.

சிக்கல் ஆரம்பிச்சது 2020க்கு அப்புறம். மாலில 2020 ஆகஸ்ட்ல ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு, 2021 மே மாசம் இன்னொன்னு, புர்கினாவுல 2022லயே ரெண்டு. தேர்தலைத் தள்ளிப் போடுறாங்கன்னு 2022 ஜனவரில மாலி மேல எக்கோவாஸ் தடை போட்டுச்சு, எல்லையை மூடினாங்க, அதோட செனகல் தலைநகர் டாக்கர்ல இருக்குற பொது மத்திய வங்கில மாலி அரசோட பணத்தையும் முடக்கினாங்க, காசு இருந்தும் எடுக்க முடியாம அந்த அரசு கடன் பத்திரத் தவணை தவறிச்சு. பக்கத்துல புர்கினாவுலயும் நைஜர்லயும் இருந்த ராணுவ அதிகாரிங்க இதை பாத்துட்டுதான் இருந்தாங்க. பொது நாணயம், பொது வங்கி, திறந்த எல்லைன்னு ஒத்துழைப்புக்காக கட்டினது எல்லாத்தையும் ஒரே ராத்திரில கழுத்தை நெறிக்கவும் பயன்படுத்தலாம்னு அன்னிக்குத்தான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

அடுத்தது நைஜர். 2023 ஜூலை 26ஆம் தேதி அதிபர் முகமது பசூமை அவரோட காவல்படையே பிடிச்சு வச்சுது. நாலே நாள்ல நைஜீரியா தலைநகர் அபுஜாவுல கூடின எக்கோவாஸ் தலைவருங்க ஒரு வாரம் கெடு குடுத்தாங்க, பசூமை திரும்ப பதவில வைக்கலேன்னா படை பலத்தையும் பயன்படுத்துவோம்னு வெளிப்படையா சொன்னாங்க. எல்லை மூடல், பண முடக்கம் எல்லாம் சேந்து வந்துச்சு. நைஜீரியா கரண்ட்டை நிறுத்துச்சு, நைஜர் பயன்படுத்துற மின்சாரத்துல சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வந்துட்டு இருந்துச்சு, அப்ப தலைநகர் நியாமேல ஆஸ்பத்திரி எப்படி நடந்திருக்கும், வெயில்ல ஜனங்க எப்படி தூங்கியிருப்பாங்கன்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

மலன்வில் பாலம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெனின் பக்கம் மலன்வில், நைஜர் பக்கம் காயா, நடுவுல நைஜர் ஆறு. பெனினோட கொட்டோனு துறைமுகத்துல இறங்கி நியாமே போற சரக்குக்கு அதுதான் வழி. பாலத்தை மூடினதும் லாரிங்க ரோட்டோரமா கிலோமீட்டர் கணக்குல நின்னுச்சு, டிரைவருங்க வண்டிக்கு அடியில சமைச்சு அங்கேயே படுத்தாங்க, கெட்டுப்போற சரக்கு வெயில்ல கெட்டுச்சு. அதே நேரம் பாலத்துக்குப் பக்கத்துல மரப்படகுல மூட்டை மூட்டையா சாமான் அக்கரைக்குப் போயிட்டே இருந்துச்சு, கூலி மட்டும் ஏறிப்போச்சு, அந்தக் கூலி எல்லாம் கடைசில வாங்கித் தின்ற ஏழை தலைலதான் விடிஞ்சுது. நம்ம பக்கத்துலயும் அந்த மாசமேதான், ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டுச்சு, அரிசி வியாபாரத்துல இருந்த உங்களுக்கு அந்த ரெட்டை அடி ஞாபகம் இருக்கும். எக்கோவாஸ் தடை 2024 பிப்ரவரில பெரும்பாலும் நீங்கிடுச்சு, பெனினும் தன் பக்கத்தை திறந்துச்சு, ஆனா நைஜர் தன் பக்கத்தை திறக்கல. அந்த மே மாசம் பெனின் பதிலுக்கு நைஜரோட கச்சா எண்ணெயை செமே கடற்கரைல கப்பல்ல ஏத்த விடாம நிறுத்துச்சு, பாலைவனத்துல இருந்து கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் குழாய் போட்டு கொண்டு வந்த எண்ணெய் அது.

கெடு முடிஞ்சும் எக்கோவாஸ் படை வரல. ஆனா வரும்ங்கற பயம் வந்துடுச்சு. 2023 செப்டம்பர் 16ஆம் தேதி மூணு நாடும் லிப்டாகோ-குர்மா சாசனத்துல கையெழுத்து போட்டு சாஹெல் நாடுகள் கூட்டணியை ஆரம்பிச்சாங்க, ஏஇஎஸ்னு சொல்றாங்களே அதுதான். அதுல ஆறாவது பிரிவுதான் உயிர்நாடி: ஒரு நாட்டோட இறையாண்மை மேலயோ எல்லை மேலயோ கை வச்சா அது மத்த நாடுங்க மேலயும் நடந்த தாக்குதல், ஆயுதப் படையை இறக்கி உதவறது வரைக்கும் கடமை. பயங்கரவாதத்தை ஒழிக்கன்னும் அதுல இருக்கு, அந்தத் தேவை உண்மையானது, மூணு நாட்டு எல்லையும் சேர்ற அந்த லிப்டாகோ-குர்மா பகுதில ஜனங்க படுற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா அந்த செப்டம்பர் மாசம் அந்தப் பிரிவை எழுதினவங்க கண்ணு முன்னாடி நின்னது எக்கோவாஸ் படைதான்னு நான் நம்பறேன். மனசு கஷ்டமா இருக்குற விஷயம் என்னன்னா இதே பேருல இதே மூணு நாடும் 1970லயே ஒரு வளர்ச்சி ஆணையம் வச்சிருந்தாங்க, அந்த எல்லைப் பகுதியை சேந்து முன்னேத்தறதுக்காக.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 ஜனவரி 28ல வெளியேறோம்னு கூட்டா அறிவிச்சாங்க, ஒரு வருஷம் முன்னாடியே நோட்டீஸ் தரணும்னு எக்கோவாஸ் ஒப்பந்தத்தோட 91ஆவது பிரிவு சொல்லுது, உடனே போறோம்னு அவங்க சொன்னாங்க. ஜூலை 6ல நியாமேல கூடி கூட்டணியை கூட்டமைப்பா மாத்தினாங்க, 2025 ஜனவரி 29ல வெளியேற்றம் அதிகாரபூர்வமாச்சு. பரப்பளவுல பாத்தா எக்கோவாஸ் நிலத்துல பாதிக்கு மேல போயிடுச்சு, மக்கள்தொகைல ஆறுல ஒரு பங்கு மாதிரி.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, ராணுவக் கூட்டணி வந்தா வர்த்தக அமைப்பு உடையணுமான்னு. இல்ல சார், அப்படி விதி ஒன்னும் கிடையாது. அந்தக் கூட்டணி யாருக்கு பயந்து பிறந்துச்சுன்னு பாக்கணும். 2021 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா சேந்து ஆக்கஸ்னு ராணுவ ஒப்பந்தம் போட்டப்ப தென்கிழக்கு ஆசிய நாடுகளோட அமைப்பான ஆசியான்ல இந்தோனேசியாவும் மலேசியாவும் கவலைப்பட்டாங்க, பிலிப்பைன்ஸ் வரவேத்துச்சு, ஒரே குரல்ல பேச முடியாமப் போச்சு, அவ்வளவுதான், யாரும் வெளிய போகல, ஒரு கன்டெய்னர்கூட அதனால நிக்கல. ஏன்னா ஆக்கஸ் ஆசியானுக்கு பயந்து போட்ட ஒப்பந்தம் இல்ல. ஏஇஎஸ் அப்படி இல்ல, அது தான் இருந்த அமைப்புக்கே பயந்து பிறந்த கூட்டணி, அந்த பயத்தோட அதே அமைப்புக்குள்ள எப்படி உக்காந்திருப்பாங்க?

இதுல யார் மேல தப்புன்னு கேட்டா, எக்கோவாஸ் தன்னோட வர்த்தகக் கருவி எல்லாத்தையும் ஆயுதமா எடுத்ததுதான் பெரிய தப்புன்னு நான் சொல்வேன். ஜனநாயகத்தைக் காப்பாத்தறோம்னு சொல்லிட்டு பாலத்தை மூடினா பட்டினி கெடக்குறது தளபதி இல்ல. ஆனா அதுக்காக அந்த ராணுவ அரசுகளை நான் தாங்கிப் பேசல. ஒரு நாட்டோட 50 வருஷ உறவை ஜனங்களைக் கேக்காம, வாக்கெடுப்பு வைக்காம, ஒரு டிவி அறிவிப்புல முறிச்சாங்க. தேர்தல் தேதி தள்ளிட்டே போகுது, 2025ல நைஜர்லயும் மாலிலயும் தலைவருங்க அஞ்சஞ்சு வருஷத்தை தாங்களே எடுத்துக்கிட்டாங்க, புர்கினாவுல அதுக்கு முந்தின வருஷமே அது நடந்துச்சு. இந்த ஜனங்க இழந்ததுல எனக்கு ரொம்ப வலிக்கிறது அபுஜாவுல இருக்குற எக்கோவாஸ் நீதிமன்றம். 2005ல இருந்து சாதாரண ஆளு, தன் நாட்டு கோர்ட் படி ஏறாமலே, மனித உரிமை மீறல்னு நேரா அங்க வழக்கு போடலாம். பசூமை விடுதலை பண்ணணும்னு 2023 டிசம்பர்ல தீர்ப்பு சொன்னதும் அந்த நீதிமன்றம்தான். விடலங்கறது வேற விஷயம். இனிமே நைஜர்ல ஒரு பத்திரிகைக்காரரையோ ஒரு வியாபாரியையோ தூக்கி உள்ள வச்சா அந்தக் கதவு இல்ல.

சார்க் மாதிரி ஆயிடுமான்னு கேட்டீங்க. எனக்கு அப்படித் தோணல. சார்க்ல இருந்து ஒரு நாடும் வெளிய போகல, ஆனா 2014 நவம்பர் காத்மாண்டுக்கு அப்புறம் உச்சி மாநாடே நடக்கல. எக்கோவாஸ்ல மூணு பேர் போயும் மீதி 12 நாடு கூடுது, பேசுது, சண்டை போடுது, முடிவெடுக்குது. 2025 டிசம்பர் 7ஆம் தேதி பெனின்ல ராணுவத்துல ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடிக்கப் பாத்தப்ப நைஜீரியா போர் விமானம் அனுப்புச்சு, எக்கோவாஸ் தன் படையை அனுப்ப உத்தரவு போட்டுச்சு, அந்த முயற்சி தோத்துச்சு. ஆக உயிர் இருக்கு. சார்க்ல இருந்து நீங்க கத்துக்க வேண்டியது வேற ஒன்னு: 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் சார்க் விசா விலக்கை பாகிஸ்தான்காரங்களுக்கு இந்தியா ஒரே அறிவிப்புல ரத்து பண்ணுச்சு. காரணம் நியாயமா இல்லையாங்கறதுக்குள்ள நான் போகல, சலுகைன்னா அப்படித்தான் போகும்னு காட்டறதுக்கு சொல்றேன்.

இப்ப உங்க தொழிலுக்கு வருவோம். உங்களுக்கு பெரிய ஆறுதல் யூமோவா. பெனின், புர்கினா, ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், மாலி, நைஜர், செனகல், டோகோ எட்டும் சேந்த சிஎஃப்ஏ ஃபிராங்க் ஒன்றியம் அது, மூணு நாடும் எக்கோவாஸை விட்டாங்களே தவிர யூமோவாவை விடல. அதனால லோமேக்கும் வாகடூகுவுக்கும் ஒரே காசு, ஒரு யூரோவுக்கு 655.957ங்கற அதே கட்டு, ஒரே மத்திய வங்கி. 2015ல இருந்து எக்கோவாஸ் பொது சுங்க வரியும் யூமோவா வரியும் ஒன்னுதான், அஞ்சு அடுக்கு, பூஜ்யத்துல இருந்து 35 சதவீதம் வரைக்கும், அதுவும் அப்படியே இருக்கு. உங்க லாரி நிக்குற சின்காஸே எல்லைச் சாவடியையே எடுத்துக்கோங்க, டோகோ அதிகாரியும் புர்கினா அதிகாரியும் ஒரே வளாகத்துல உக்காந்து பேப்பர் பாக்கறாங்கல்ல, அது யூமோவா திட்டத்துல கட்டினது, எக்கோவாஸ் கொடி இறங்கினாலும் அந்த சாவடிக்கு ஒன்னும் இல்ல. ஆனா உங்க முதலாளி கானாவோட டேமா துறைமுகம் வழியாவோ நைஜீரியா வழியாவோ சரக்கு அனுப்பலாம்னு சொன்னா அங்க யோசிக்கணும், அந்த ரெண்டு நாடும் யூமோவாவுல இல்ல, அங்க ஏஇஎஸ் நாடுகளோட கட்டிப் பிடிச்சிருந்த கயிறு எக்கோவாஸ் ஒன்னுதான். நைஜீரியாவோட கானோவுக்கும் நைஜரோட மராடிக்கும் நடுவுல தலைமுறை தலைமுறையா வியாபாரம் பண்ற ஹவுசா குடும்பங்கதான் இதுல உங்களை விட ரொம்ப ஆபத்துல இருக்காங்க.

வரி விஷயம் ஒன்னு. 2025 மார்ச்சுல ஏஇஎஸ் தன் எல்லைக்கு வெளிய இருந்து வர்ற சரக்குக்கு 0.5 சதவீதம் வரி போட்டுச்சு. எக்கோவாஸும் வெளிநாட்டு சரக்குக்கு இதே 0.5 சதவீதம்தான் வச்சிருந்துச்சு. இந்திய அரிசிக்கு கணக்கு பெருசா மாறாது. ஆனா எக்கோவாஸ் வரி எக்கோவாஸுக்குள்ளயே செஞ்ச பொருளுக்கு கிடையாது, ஏஇஎஸ் வரி டோகோவுல செஞ்ச பொருளுக்கும் உண்டு. நீங்க லோமேலயே பேக்கிங் பண்ணியோ அசெம்பிள் பண்ணியோ அனுப்பற சாமான் இருந்தா உங்க கஸ்டம்ஸ் ஏஜென்ட்டை உக்கார வச்சு ஒவ்வொன்னா கேளுங்க.

ஆளுங்க போக்குவரத்து இப்போதைக்கு ஓடுது. ஏஇஎஸ் நாடுங்க 2024 டிசம்பர்லயே எக்கோவாஸ் மக்களுக்கு விசா வேண்டாம்னு அறிவிச்சாங்க, எக்கோவாஸும் மூணு நாட்டு பாஸ்போர்ட்டையும் பொருளையும் முன்ன மாதிரியே நடத்துங்கன்னு உறுப்பு நாடுகளுக்கு சொல்லுச்சு, ஆனா அதுல "மறு அறிவிப்பு வரும் வரை"ங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்கு சார். நான் மொதல்ல சொன்ன உரிமை, சலுகை பேச்செல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான். 2025 மே மாசம் எக்கோவாஸ் ஆணையத் தலைவர் மாலி தலைநகர் பமாகோவுக்கே போய் பேச ஆரம்பிச்சார், நல்ல அறிகுறி, மௌரிட்டானியா 2000ல வெளிய போயிட்டு 2017ல இணை உறவு ஒப்பந்தத்துக்கு வந்ததும் ஒரு முன்னுதாரணம். ஆனா பேச்சு முடிஞ்சு புது ஒப்பந்தம்னு ஒன்னு கையில வர்ற வரைக்கும் இதுக்கு மேல கட்டடம் கட்டாதீங்க.

உண்மையிலயே உடைஞ்சது பாதுகாப்பு ஒத்துழைப்பு. 2014ல ஆரம்பிச்ச ஜி5 சாஹெல்ங்கற அஞ்சு நாட்டு பாதுகாப்பு அமைப்புல இருந்து மாலி 2022ல போச்சு, மத்த ரெண்டும் 2023 கடைசில போச்சு, அதோட அது காலி. சாட் ஏரிப் பகுதில போகோ ஹராமை எதிர்க்கற கூட்டுப் படைல இருந்து நைஜர் 2025 மார்ச்சுல விலகிடுச்சு. புர்கினா, நைஜர், பெனின் மூணும் சேர்ற டபிள்யூ தேசியப் பூங்கா காட்டுல ஆயுதக் குழுவுக்கு எல்லைக்கோடு எதுவும் இல்ல, ஆனா துரத்திட்டுப் போற பெனின் சிப்பாய்க்கு இருக்கு, அந்தப் பக்கம் யாரோட பேசறதுன்னும் இல்ல. 2025 ஏப்ரல்ல ஒரே தாக்குதல்ல பெனின் 54 சிப்பாய்களை இழந்துச்சு. நம்பிக்கை எந்த அளவுக்கு போச்சுன்னு பாக்க அந்த டிசம்பரையே பாருங்க, பெனின் சம்பவத்துக்கு மறுநாள் நைஜீரியாவோட சி-130 ராணுவ விமானம் ஒன்னு கோளாறுன்னு புர்கினாவோட போபோ-டியுலாசோல இறங்குச்சு, அதுல இருந்த 11 பேரையும் பிடிச்சு வச்சுட்டாங்க, வான்வெளி மீறல்னு ஏஇஎஸ் கண்டனம், நைஜீரியா வெளியுறவு அமைச்சர் வாகடூகு போய் பேசின பிறகுதான் விட்டாங்க. ஒரே அமைப்புல இருந்த காலத்துல இது போன்லயே முடிஞ்சிருக்கும்.

இன்னொரு பக்கமும் பாக்கணும். 2025 செப்டம்பர்ல இருந்து மாலிக்கு வர்ற டீசல் டேங்கர்களை அல்-கொய்தாவோட சேந்த ஜேஎன்ஐஎம்ங்கற ஆயுதக் குழு தாக்கி எரிச்சுது, பமாகோ பங்க்ல வரிசை, பள்ளிக்கூடமே ரெண்டு வாரம் மூடினாங்க. அந்த டீசல் வர்றது டாக்கர், அபிஜான் துறைமுகத்துல இருந்து, அதாவது எக்கோவாஸ் நாடுகள்ல இருந்து. நைஜர் தன் பங்குக்கு டேங்கர் அனுப்பி உதவுச்சு, கூட்டணிக்குள்ள அந்த பாசம் உண்மை, ஆனா மூணுக்கும் கடல் இல்ல. கடல் இல்லாத நாடு துறைமுகம் இருக்குற நாட்டோட ரொம்ப நாள் முறைச்சுக்க முடியாது, அதனாலதான் சரக்கு நிக்காதுன்னு அவ்வளவு தைரியமா மொதல்ல சொன்னேன். உங்க டோகோ இதை நல்லா புரிஞ்சு வச்சிருக்கு, ரெண்டு பக்கமும் பேசுது, 2024ல நைஜர்ல நடந்த ஏஇஎஸ் ராணுவப் பயிற்சிக்கு தன் சிப்பாய்ங்களையும் அனுப்புச்சு, ஏஇஎஸ்ல சேரறதும் நடக்காத காரியம் இல்லன்னு அதோட வெளியுறவு அமைச்சரே 2025ல பேசினார். அப்படி சேந்தா லோமே துறைமுகத்துக்கு லாபம், ஆனா கானா, பெனின் பக்கம் போற உங்க சரக்குக்கு புதுத் தலைவலி. அதையும் மனசுல வச்சுக்கோங்க.

இப்ப குடோன். வாகடூகுல ஆபீஸ் போடறதுக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், வாங்கறவங்க கண்ணு முன்னாடி ஆள் இருந்தா வசூல் நல்லா ஆகும். ஆனா பெரிய குடோன் வேண்டாம். ஸ்டாக் லோமேலயே கஸ்டம்ஸ் பாண்ட்ல, அதாவது வரி கட்டாம கஸ்டம்ஸ் கண்காணிப்புல இருக்கட்டும், ஆர்டர் வர வர அனுப்புங்க, வாகடூகுல சின்ன இடமா எடுத்து மூணு நாலு வாரத்துக்கு வேண்டியது மட்டும் வைங்க. கிலோ கணக்குல கொஞ்சம் செலவு கூடும், பரவால்ல, எல்லை மூடினா உங்க பணம் எல்லாம் ஒரே பக்கம் மாட்டாது. லீஸ் ஒரு வருஷத்துக்கு மேல போடாதீங்க, எல்லை மூடலோ பணப் பரிமாற்றத் தடையோ வந்தா அபராதம் இல்லாம காலி பண்ணலாம்னு எழுதி வாங்குங்க. புது வரி எது வந்தாலும் வாங்கறவர் பொறுப்புன்னு விற்பனை ஒப்பந்தத்துலயே இருக்கட்டும். நைஜர் சரக்கை நியாமே வரைக்கும் நீங்களே கொண்டு போய் சேக்கற டெலிவரிக்கு ஒத்துக்காதீங்க, வாகடூகுவுக்கு கிழக்க ராணுவப் பாதுகாப்போட வண்டி வண்டியா சேத்து அனுப்புற ரோடு அது, எப்ப கிளம்பும்னு சொல்ல முடியாது, லோமேலயே கைமாத்தி விட்டுடுங்க. டோகோ வடக்கு எல்லையான சவான் பகுதிலயே 2022 ஜூன்ல பாதுகாப்பு அவசரநிலை அறிவிச்சாங்க, லாரி இன்சூரன்ஸ்ல போர், பயங்கரவாதம் சேத்திருக்கான்னு பாலிசியை எடுத்து படிங்க, ஏஜென்ட் வாய்ல சொல்றதை நம்ப வேண்டாம்.

உங்களைப் பத்தி கடைசியா. எக்கோவாஸ் நடமாட்ட உரிமை உங்க இந்திய பாஸ்போர்ட்டுக்கு எப்பவும் இருந்ததில்ல, அதனால அதுல நீங்க இழந்தது எதுவும் இல்ல, ஆனா பாதுகாப்பு உங்களுக்கும் ஒன்னுதான். 2025 நவம்பர்ல மாலில மின்சார வேலைக்குப் போன நம்ம தமிழ்நாட்டுத் தொழிலாளிங்க அஞ்சு பேரைக் கடத்திட்டுப் போனாங்க, ஊர்ல அந்தக் குடும்பங்க பட்ட வேதனையை நீங்களும் படிச்சிருப்பீங்க, அதே வருஷம் நைஜர்லயும் இந்தியத் தொழிலாளிங்க கடத்தப்பட்டாங்க, கொல்லவும் பட்டாங்க. நீங்க வாகடூகு போறதா இருந்தா ஊருக்குள்ளயே இருங்க, போற அன்னிக்கே அங்க இருக்குற இந்திய தூதரகத்துல பேரைப் பதிவு பண்ணுங்க, சரக்கு பாக்கறதுக்காக ரோடு வழியா வெளியூர் போக மாட்டேன், போக்குவரத்து விமானத்துலதான்னு முதலாளிகிட்ட இப்பவே எழுத்துல வாங்குங்க. அதோட நிலைமை மோசமானா வேலைக்கு ஆபத்து இல்லாம லோமே திரும்பலாம், திரும்பற செலவு கம்பெனியோடதுன்னும் அந்த லெட்டர்லயே இருக்கணும். இது ரெண்டும் எழுத்துல வராம கிளம்பாதீங்க சார், அவர் எவ்வளவு நல்ல முதலாளியா இருந்தாலும் சரி.